பழைய ரூட்டர்களை இணைத்து ஒரு மெஷ் நெட்வொர்க் அமைப்பது எப்படி

இரண்டு மூன்று பழைய ரூட்டர்கள் சும்மா கிடக்கின்றன, வைஃபையோ ஒரு அறையில் பறக்கிறது, இன்னொரு அறையில் படுத்துவிடுகிறது என்றால் புதிதாக எதையும் வாங்கும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். அந்த ரூட்டர்களில் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை இயக்கும் மென்பொருளை, ஏற்றி, அவற்றை ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேச வைத்து, இடம் முழுக்க ஒரே பெயரில் ஒரே பாஸ்வேர்டில் வைஃபை கிடைக்கச் செய்யலாம், இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இணைப்புதான் மெஷ். அமைப்பதற்குக் கட்டளை வரி எதுவும் தேவையில்லை, பிரவுசரில் திறக்கும் லூசி என்ற பக்கமே போதும்.

தொடங்கும் முன் ஒன்று. மெஷ் நன்றாக ஓடுமா ஓடாதா என்பதைப் பெரும்பாலும் செட்டிங்ஸ் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு நோடும், அதாவது மெஷ்ஷில் சேரும் ஒவ்வொரு ரூட்டரும், எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து நோடோடு என்ன சிக்னலில் பேசுகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. செட்டிங்ஸ் அரை மணி நேர வேலை. இடம் பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், ஆனால் பலர் அவசரப்படுவதும் அங்கேதான்.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், ரிப்பீட்டர் ஏதோ ஒரு ரூட்டரைப் பிடித்துக்கொண்டு அதையே நம்பி இருக்கும். மெஷ்ஷில் ஒவ்வொரு நோடும் தன் கண்ணுக்குத் தெரியும் எல்லா நோடுகளோடும் இணைப்பு வைத்துக்கொண்டு, எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம் என்று தானே பார்த்து அனுப்பும். இதற்கான தரநிலை 802.11எஸ், 2011-இல் வந்தது. அது வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை கவனிக்க வேண்டியது: எத்தனை நோடு தாண்டுகிறோம் என்று மட்டும் எண்ணுவதில்லை, ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு தகவல் துண்டை, அனுப்ப எவ்வளவு நேரம் காற்றலை பிடிக்கும் என்று கணக்கிடுகிறது. அதனால் சொத்தையான ஒரு நேர் இணைப்பைவிட, உறுதியான இரண்டு இணைப்புகளைச் சுற்றிப் போவதை அதுவே தேர்ந்தெடுக்கலாம். கடையில் பெட்டியாக வரும் மெஷ் செட்டுகளும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றோடு சேராது. 802.11எஸ்ஸில் அந்தத் தொல்லை குறைவு, வேறு வேறு நிறுவன ரூட்டர்களைக் கலந்து வைக்கலாம்.

எந்த ரூட்டர் சரிப்படும்

ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்தில் சாதனப் பட்டியல் இருக்கிறது, உங்கள் மாடலை அதில் தேடுங்கள். மாடல் பெயரோடு நிறுத்தாமல் ரூட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வி1, வி2 என்று இருக்கும் வன்பொருள் பதிப்பையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் உள்ளே வேறு சிப்போடு வரும் ரூட்டர்கள் நிறைய. ஃப்ளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பி இருந்தால் நிம்மதி. 8-க்கு 64 என்றால் இழுத்துப்பிடித்து ஓட்டலாம். அதற்கும் கீழே வேண்டாம்.

சிப் விஷயத்தில் மீடியாடெக் வைஃபை சிப் உள்ளவை மெஷ்ஷுக்கு நன்றாக ஒத்துழைக்கின்றன, பழைய ஏதெரோஸ் 11என் சிப்புகளும் அப்படியே. ஏடிஎச்10கே என்ற டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் ரூட்டர்களில் சிடி என்று முடியும் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருந்து, பாஸ்வேர்டு போட்ட மெஷ் இணைய மறுத்தால், அதை எடுத்துவிட்டு சிடி இல்லாத சாதாரண பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் என்றால் ஒதுக்கிவிடுங்கள், திறந்த மூல டிரைவர் ஆதரவு அதற்குப் போதாது.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள ரூட்டராக இருக்கட்டும். ஒரு ரேடியோ மட்டும் இருந்தால் அதே ரேடியோ உங்கள் போனோடும் பேச வேண்டும், அடுத்த நோடோடும் பேச வேண்டும், வேகம் அங்கேயே பாதி போய்விடும்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது

ஓப்பன் டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் மாடலைக் கொடுத்தால் இரண்டு வகைக் கோப்புகள் தெரியும். நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறுவதற்கு ஃபேக்டரி, ஏற்கெனவே ஓப்பன் டபிள்யூஆர்டி இருந்தால் சிஸ்அப்கிரேட். சில மாடல்களுக்கு ஏற்றும் முறையே வேறு, அந்த மாடலின் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இறக்கும் முன் அதே பக்கத்தில் பேக்கேஜ் பட்டியலை மாற்றும் இடம் இருக்கிறது, அதைத் திறங்கள். வழக்கமாக உள்ளே வருவது டபிள்யூபேட்-பேசிக்-எம்பெட்டிஎல்எஸ் என்ற பேக்கேஜ். அதை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டு போட்ட மெஷ் நடக்காது. பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு, பக்கத்தில் டபிள்யூபேட்-மெஷ்-எம்பெட்டிஎல்எஸ் என்று சேர்த்து, இமேஜை, அதாவது ரூட்டரில் ஏற்றும் கோப்பை, உருவாக்கச் சொல்லுங்கள். மெஷ் இணையாமல் மணிக்கணக்கில் முழிப்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த ஒரு பேக்கேஜ்தான்: பக்கத்தில் எல்லாம் சரியாக நிரப்பியிருக்கும், பிழை என்று எதுவும் கண்ணில் படாது, ஆனால் இணைந்த நோடுகளின் பட்டியல் மட்டும் காலியாகவே இருக்கும்.

ஏற்கெனவே ஓப்பன் டபிள்யூஆர்டி ஓடுகிறது என்றால் சிஸ்டம், சாஃப்ட்வேர் பக்கத்தில் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம். அந்த இடைவெளியில் வைஃபை நின்றுவிடும், ஆகவே ரூட்டருக்கு இணையமும் உங்கள் கம்ப்யூட்டருக்கு ரூட்டரும் கேபிள் வழியாகவே வரட்டும். ஃபர்ம்வேர் ஏற்றும்போதும் கேபிள்தான், வைஃபை வழியாக வேண்டாம், நடுவில் மின்சாரத்தையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஏற்றி முடிந்ததும் 192.168.1.1 என்ற முகவரியில் லூசி திறக்கும். பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு இருக்காது, முதல் வேலையாக ஒன்றைப் போடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் வைஃபை அணைந்தே இருக்கும், பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

முதன்மை ரூட்டரும் நோடுகளும்

ஒரே ஒரு ரூட்டர்தான் தலைமை. இணைய நிறுவனத்தின் மோடத்திலிருந்து வரும் கேபிள் அதன் வேன் போர்ட்டில் நுழையும், எல்லாச் சாதனங்களுக்கும் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையையும் அதுவே பார்க்கும். மோடமும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், அப்போது ஓப்பன் டபிள்யூஆர்டி ரூட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிட்டு, கீழே நான் 192.168.1 என்று தொடங்கும் இடங்களில் எல்லாம் 192.168.2 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ரூட்டர்கள் எல்லாம் வெறும் நோடுகள். ஒவ்வொன்றையும் தனியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், லேன் என்று போய் முகவரியை 192.168.1.2, அடுத்ததற்கு 192.168.1.3 என்று கொடுங்கள். டிஎச்சிபி சர்வர் பகுதியில் "இக்னோர் இன்டர்ஃபேஸ்" என்பதை டிக் செய்யுங்கள், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கேட்வே, டிஎன்எஸ் இரண்டுக்கும் 192.168.1.1 போட்டால் நோடுகளும் இணையத்தை அடைந்து தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும், அப்டேட்டும் எடுத்துக்கொள்ளும். முதன்மை ரூட்டர் வழக்கமாக 100-லிருந்துதான் முகவரிகளைப் பங்கிடும், அதனால் 2, 3 என்று நாம் கையால் கொடுப்பவை எதனோடும் மோதாது.

முகவரியை மாற்றிச் சேமித்ததும் லூசி பழைய முகவரியிலேயே ரூட்டரைத் தேடும், கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் மாற்றத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் புதிய முகவரியைத் திறந்து உள்ளே நுழையுங்கள், அல்லது சரிபார்க்காமல் அப்படியே சேமிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். சிஸ்டம் பக்கத்தில் ஒவ்வொரு நோடுக்கும் மாடி, கூடம், பின்னறை என்று இடத்தின் பெயரையே ஹோஸ்ட்நேமாக வைத்தால் அப்புறம் எது எது என்று தேட வேண்டியிருக்காது. ஹோஸ்ட்நேம் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

மெஷ் இணைப்பு

இப்போது எல்லா ரூட்டரிலும் ஒரே வேலை. நெட்வொர்க், வயர்லெஸ் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு எதிரே "ஆட்" அழுத்துங்கள். மோட் என்ற இடத்தில் 802.11எஸ். மெஷ் ஐடிக்கு ஏதாவது ஒரு பெயர், எல்லா நோடிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர். நெட்வொர்க் என்ற இடத்தில் லேன். பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூபிஏ3-எஸ்ஏஇ தேர்ந்தெடுத்து நீளமான ஒரு சாவி. இது போன்களில் யாரும் தட்டப்போகிற பாஸ்வேர்டு இல்லை, ரூட்டர்களுக்குள் மட்டும் புழங்குவது, அதனால் தாராளமாக நீளமாக வைக்கலாம்.

சேனலை ஆட்டோவில் விடக்கூடாது. ஒவ்வொரு நோடும் ஒவ்வொரு சேனலுக்குப் போனால் எப்படிப் பேசிக்கொள்ளும்? 36 என்று எல்லாவற்றிலும் கையால் போடுங்கள், அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். சுற்றிலும் வைஃபை நெரிசல் அதிகம் என்றாலோ நோடுகளுக்கு இடையே தூரம் அதிகம் என்றாலோ 40 போதும், அகலம் குறைந்தால் உச்ச வேகம் குறையும், ஆனால் இணைப்பு உறுதியாக நிற்கும். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை மெஷ்ஷுக்குத் தொடாதீர்கள். பல நாடுகளில் அந்த அலைவரிசையை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரூட்டர் அங்கே ஒலிபரப்பும் முன் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும், ரேடார் சத்தம் கேட்டால் உடனே சேனலைக் காலிசெய்ய வேண்டும். ஒரு நோடு மட்டும் அப்படிக் காலிசெய்துவிட்டுப் போனால் மெஷ் அறுந்துவிடும். அட்வான்ஸ்டு பகுதியில் நாட்டுக் குறியீட்டையும் எல்லா ரூட்டரிலும் உங்கள் நாட்டுக்கே சரியாகப் போடுங்கள், எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியோடு அனுப்பலாம் என்ற சட்டம் அதை வைத்துத்தான் அமலாகிறது.

முதல் இணைப்பை ஒரே அறையில் சோதியுங்கள். முதன்மை ரூட்டரும் ஒரு நோடும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். நோடிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து, முதன்மை ரூட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் கீழே இருக்கும் அசோசியேட்டட் ஸ்டேஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். மெஷ் ஐடிக்கு நேராக ஒரு வரி, பக்கத்தில் சிக்னல் அளவாக மைனஸ் 40 போல ஒரு எண், இரண்டு பக்க வேகம், இவ்வளவும் தெரிந்தால் மெஷ் உயிரோடு இருக்கிறது. இது நடக்கும் வரை நோடை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், இணையாததற்குக் காரணம் செட்டிங்ஸா தூரமா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

போன்கள் இணையும் வைஃபை

அதே பக்கத்தில் ஒவ்வொரு ரூட்டரிலும் 2.4-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று என்று ஆக்சஸ் பாயின்ட் மோடில் சேருங்கள். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எல்லா நோடிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 5-இல் சேனல் ஏற்கெனவே மெஷ்ஷின் சேனல்தான், ஒரு ரேடியோ ஒரே நேரத்தில் இரண்டு சேனலில் நிற்காது. 2.4-இல் அந்தக் கட்டாயம் இல்லை, பக்கத்துப் பக்கத்து நோடுகளுக்கு 1, 6, 11 என்று பிரித்துக் கொடுங்கள், அகலம் 20-ஐத் தாண்ட வேண்டாம்.

நடந்துகொண்டே பேசும்போது போன் எப்போது ஒரு நோடை விட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும் என்பதை முடிவு செய்வது போன்தான், ரூட்டர் இல்லை. பல போன்கள் பழைய நோடின் சிக்னல் நூலாகத் தேயும் வரை விடாது. இதற்குப் பலரும் 802.11ஆர் என்ற வேகத் தாவலை முதலில் போய்த் தட்டுகிறார்கள். அது தாவும் நேரத்தைக் குறைக்கும், தாவ வேண்டும் என்ற முடிவை எடுக்க வைக்காது, சில பழைய சாதனங்கள் அதைக் கண்டால் இணையவே மறுக்கும். முதலில் 2.4-இன் சக்தியைக் குறைத்துப் பாருங்கள், நோடுகளின் எல்லை ஒன்றின்மேல் ஒன்று அதிகம் கவியாமல் இருந்தால் போன் தானாகவே சீக்கிரம் தாவும். 802.11ஆர் அதற்கப்புறம்.

எங்கே வைப்பது

சிக்னல் வராத அறையிலேயே நோடை வைப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் அது தவறான இடம். அங்கே சிக்னல் வரவில்லை என்பதுதானே பிரச்சினை, நோடுக்கு மட்டும் எப்படி வரும்? முதன்மை ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

தெம்பு என்பதை எண்ணால் பாருங்கள். அசோசியேட்டட் ஸ்டேஷன்ஸ் பட்டியலில் அந்த மைனஸ் எண் பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 65 வரை இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். 70 என்றால் ஓடும், ஆனால் ஒரு கதவைச் சாத்தினாலே தடுமாறலாம். 75-ஐத் தாண்டினால் நோடு அங்கே இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல், ஏனென்றால் மெதுவான இணைப்பு அதிக நேரம் காற்றலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நோடுகளையும் காக்கவைக்கும்.

நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் நோடைச் செருகி, கையில் லேப்டாப்போடு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடம் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்ததைப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாலே எண் 5, 6 மாறுவது உண்டு. சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் இந்தக் கணக்கில் 3 கூடினாலே வந்து சேரும் சக்தி இரட்டிப்பு, 6 கூடினால் நான்கு மடங்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது நிறுத்துங்கள், எண் நிதானத்துக்கு வர நேரம் எடுக்கும். கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி இவை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸை விழுங்குபவை. சுவர் ஊடாகப் போவதைவிடத் திறந்த கதவின் நேர்க்கோட்டில் போவது எப்போதும் நல்லது.

எத்தனை நோடு வைக்கலாம் என்றால், குறைவாக வையுங்கள். ஒரே ரேடியோ ஒரே சேனலில் வாங்கிய தகவலையே திருப்பி அனுப்ப வேண்டும், வாங்கும்போது அனுப்ப முடியாது, அதனால் ஒரு நோடு தாண்டும்போது வேகம் சுமார் பாதி, இன்னொன்று தாண்டினால் மூன்றில் ஒரு பங்குக்குப் போய்விடும். முதன்மை ரூட்டரை ஒரு மூலையிலிருந்து வீட்டின் நடுவுக்கு நகர்த்த முடிந்தால் சில இடங்களில் மூன்றாவது நோடே தேவைப்படாது. வரிசையாகச் சங்கிலி போல வைக்காமல், நடுவில் முதன்மை, அதைச் சுற்றி நோடுகள் என்று அமைவதுதான் நல்ல அமைப்பு.

ஏதாவது ஒரு நோடு வரைக்கும் கேபிள் இழுக்க முடியும் என்றால் யோசிக்காமல் இழுத்துவிடுங்கள். எந்த மெஷ்ஷும் ஒரு கேபிளுக்கு ஈடாகாது. ஆனால் கேபிளும் மெஷ்ஷும் இரண்டும் ஒரே ஜோடி ரூட்டர்களுக்கு இடையே இருந்தால் தகவல் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பிவந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா விளக்குகளும் வெறிபிடித்த மாதிரி மின்னும், லூசியே திறக்காது. கேபிள் போட்ட நோடில், அதை நம்பி வேறு நோடு எதுவும் இல்லை என்றால், மெஷ் இணைப்பை நீக்கிவிடுங்கள். இருக்கிறது என்றால் கேபிளைச் செருகும் முன்பே கேபிளின் இரண்டு முனை ரூட்டர்களிலும் நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், டிவைசஸ் பகுதியில் லேன் பிரிட்ஜின் எஸ்டிபியை இயக்கிவிடுங்கள், சுழலைக் கண்டுபிடித்து ஒரு வழியை அது அடைத்துவைக்கும்.

அளந்து பார்ப்பது

இணைய வேகச் சோதனைத் தளங்கள் இதற்கு உதவாது, அங்கே மெதுவாக வந்தால் குற்றம் மெஷ்ஷுடையதா இணைய நிறுவனத்துடையதா என்று தெரியாது. ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை முதன்மை ரூட்டரோடு கேபிளில் இணைந்த கம்ப்யூட்டரில் சர்வராக ஓட்டி, ஒவ்வொரு நோடுக்கும் கீழே லேப்டாப்பைக் கேபிளில் செருகி அளந்து பாருங்கள். அதில் வருவது மெஷ்ஷின் உண்மையான வேகம். லூசி காட்டும் இணைப்பு வேகத்தில் பாதிக்கு மேல் வந்தாலே நல்ல நிலைமை. கூடவே ஒரு பத்து நிமிடம் முதன்மை ரூட்டருக்குப் பிங் (சின்னத் தகவல் ஒன்று போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) ஓடட்டும். நேரம் சராசரியாக எவ்வளவு என்பதைவிட இடையிடையே தாவுகிறதா என்று பாருங்கள், வீடியோ அழைப்பு திக்குவது அந்தத் தாவலால்தான்.

நோடுகள் ஐந்தாறைத் தாண்டி, கட்டடம் விட்டுக் கட்டடம் போகிற அளவுக்கு வளர்ந்தால் பேட்மேன்-ஏடிவி என்ற மெஷ் மென்பொருள் பக்கம் பாருங்கள். ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூகத்தில், தன்னார்வலர்கள் கூரைகளில் ரூட்டர் வைத்து ஊருக்கே திறந்த நெட்வொர்க் அமைத்த சூழலில் பிறந்தது அது, 2011-இல் லினக்ஸ் கர்னலிலேயே இடம் பிடித்தது. 802.11எஸ் இணைப்புக்கு மேலேயே ஓடும், கேபிள் சுழல்களைத் தடுக்கும் வசதியும் உண்டு. ஒரு வீட்டுக்கு அது தேவையில்லை, 802.11எஸ் மட்டுமே தாராளம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு ரூட்டரிலும் சிஸ்டம் மெனுவில் பேக்கப் பக்கத்துக்குப் போய் செட்டிங்ஸ் கோப்பை இறக்கி, நோடின் பெயரோடு சேமித்துவிடுங்கள், ஒரு ரூட்டர் போய்விட்டால் மாற்று ரூட்டரை அமைக்க அது கையில் இருக்கும். ஃபர்ம்வேர் அப்டேட் வரும்போது மெஷ் பேக்கேஜை மறுபடியும் பட்டியலில் சேர்த்தே இமேஜ் உருவாக்குங்கள், இல்லையென்றால் அந்த நோடு மெஷ்ஷை விட்டுக் காணாமல் போய்விடும். அப்டேட் செய்யும் வரிசை கடைசியில் இருக்கும் நோடிலிருந்து உள்நோக்கி வரட்டும், முதன்மை ரூட்டர் கடைசி. அப்படிச் செய்தால் வழியில் எது கெட்டாலும், கெட்ட நோடுக்குப் பின்னால் வேறு நோடு எதுவும் மாட்டிக்கொண்டு நிற்காது.